அன்ஷெல் நிறுத்திய இடம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நேரில் கண்டது ஒரு தயக்கமும் அதையொட்டிய மேசைப் பேச்சும் மட்டுமே. எங்கள் கலீசிய யூதச் சிற்றூரில் அன்ஷெலின் கல்யாணம் முடிந்து ஏழாம் நாள் விருந்து. எங்கள் குருவான ரெப்பேயிடமிருந்து மணமக்களுக்கு ஆசிக்கடிதம் வந்திருந்தது. மாப்பிள்ளை அன்ஷெல் எழுந்தான், உறையைப் பிரித்தான், வாயைத் திறந்தான், நிறுத்திவிட்டான்.

நான் கெண்டைமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். வாத்திறகு வியாபாரிகளின் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒருவன் விலை சொல்ல வந்து நிறுத்தினால் மூட்டையின் அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன் நடந்ததைக் கல்யாணத் தரகர் பெரிஷ் பிற்பாடு சொன்னார். தரகர் சொன்னது என்பதை நினைவில் வையுங்கள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரெப்பேயின் கடிதம் பனிவெளியில் ஒளி வீசியபடி—"

(அடித்துவிட்டேன். அது தபால் பையில், யாருடைய உப்பு மீனோடோ சேர்ந்து வந்தது.)

கடிதத்தை எழுதுவது காரியதரிசி, கையெழுத்து மட்டும் ரெப்பே என்பது ஊரறிந்த ரகசியம். எல்லாத் தம்பதிக்கும் ஒரே புத்திமதிதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்குள் சண்டையை முடித்துக்கொள்ளுங்கள், ஏழை தட்டினால் கதவைத் திறவுங்கள், பிள்ளைகள் பெருகட்டும். பெயர் மட்டும்தான் மாறும். வில்லங்கமும் அங்கேதான்.

3.

தாயின் பெயர் கொண்ட பெண்ணை மகன் கட்டக்கூடாது என்பது எங்களவர்களின் விலக்கு. அன்ஷெலின் தாய் ஃப்ரூமா. பெண்ணை எல்லாரும் மால்கா என்பார்கள். முழுப்பெயர் ஃப்ரூமா மால்கா.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த வரனை ஒரு பெயருக்காக விடுவானேன் என்று அவள் அப்பா முன்பாதியைக் கத்தரித்துவிட்டார். மாப்பிள்ளைக்கும் அது தெரியாது. திருமண ஒப்பந்தத்திலும் மால்கா மட்டுமே. பெயர் பிசகிய ஒப்பந்தம் செல்லாது. வெளியே தெரிந்தால், திருத்தி எழுதும்வரை இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாது. ஃப்ரூமாவோ திருத்தி எழுத விடமாட்டாள். மணவிலக்குப் பத்திரத்தை எழுதச் சொல்வாள்.

கடிதத்தின் முதல் வரியிலோ முழுப்பெயரும் இருந்தது. அப்படியானால் ரெப்பேக்கு யார் சொன்னது? நான் தரகரைச் சந்தேகித்தேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். எழுதியது மால்காவேதான். கல்யாணத்துக்கு மறுநாள், தன் முழுப்பெயரும் வழக்கப்படி தன் தாயின் பெயரும் போட்டு, ஆசி கேட்டு ரெப்பேக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாம்மா?" என்று பெரிஷ் கேட்டாராம்.

"அரைப் பேரக் குடுத்தா ஆசீர்வாதம் எவ வீட்டுக்குப் போகும் மாமா? எனக்குப் பிள்ளை வேணும்."

பதிலின் தலைப்பில் அதே பெயர் வரும், அதைச் சபையில் வாசிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லையாம்.

(இங்கே மால்காவை எனக்கு நம்ப முடியவில்லை. கணவனிடம் சொல்ல வாய் வராததை ரெப்பேயை வைத்துச் சொல்லப் பார்த்தாளோ? "சீட்டை மடிக்கும்போது அவள் விரல்கள்—" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். விரல்களை நான் பார்க்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும்.)

4.

"என்னடா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றாள் ஃப்ரூமா. மேசை சிரித்தது.

மை கலைந்திருக்கிறது என்று முணுமுணுத்தான் அன்ஷெல். அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கடிதம் எழுதப்பட்ட புனித மொழியான எபிரேயம் அவளுக்குப் புரியாது. ஆனால் எழுத்துத் தெரியும். தன் பெயரை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். முதல் வரியில் விரலை வைத்தாள். மால்கா தட்டைப் பார்த்தாள்.

"என் பேரு," என்றாள் ஃப்ரூமா. அவள் குரல் இளகிவிட்டது. "ரெப்பே என்னையும் நெனச்சிருக்காரு. உங்கப்பா போய் பதினோரு வருஷம், எத்தன சீட்டு அனுப்பினேன், ஒரு வரி வந்ததில்ல. படிடா. எனக்கு என்ன சொல்லியிருக்காரு?"

(அந்த மகிழ்ச்சியின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தன் பெயரைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, அதை ஒட்டி நின்ற மால்கா தெரியாமலா போயிருக்கும்?)

5.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அன்ஷெல் தாய்க்கு ஓர் ஆசியை இட்டுக்கட்டிச் சொல்கிறான். அவள் அழுகிறாள். செல்லாத ஒப்பந்தத்தின்மேல் குடித்தனம் நடக்கிறது. அல்லது உள்ளபடி வாசிக்கிறான். மால்கா அன்றே பிறந்தகம் போகிறாள். மூன்றாவதில் ரெப்பேயே வண்டியில் வந்து இறங்கி— (வேண்டாம். அவர் வெளியூர் போவதில்லை.)

அங்கே இருந்தவன் நீதானே, நடந்ததைச் சொல் என்பீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். முடிவை மாற்ற எனக்கு மனமில்லை. சொன்னால், எந்த வீடு என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

மால்கா தலை நிமிர்ந்து கணவனிடம் சொன்னதை மட்டும் தருகிறேன்.

"வாசிங்க. என்ன எழுதியிருக்கோ அத மட்டும் வாசிங்க."

இரண்டு ஃப்ரூமாக்களும் அவன் வாயையே பார்த்திருந்தார்கள். வந்திருந்தது ஒரே ஓர் ஆசி.

இந்தாருங்கள் கடிதம், முதல் வரியிலிருந்து. மேசையில் யாரும் சாப்பிடவில்லை. சத்தமாக வாசியுங்கள்.