ஓடை நின்ற பிற்பகல்

அப்பாவை ஒருக்களிக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள் மூத்தவள். அப்போதுதான் ஓடைச் சத்தம் நின்றது.

மழை விட்டபாடில்லை. காட்டுச் சரிவில் பாறைக்குப் பாறை தாவி இறங்கி, அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி வளைந்து, கீழே வயல்களுக்குப் போகிற ஓடை அது. அதன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்தவர்கள் அக்காவும் தம்பியும். "என்ன? என்ன?" என்று இரண்டு தடவையாவது கேட்காமல் அந்த வீட்டில் ஒரு பேச்சும் முடியாது.

இப்போது அப்பாவின் மூச்சு இரைப்பது கேட்டது. மழையை விட்டால் அது மட்டும்தான் கேட்டது.

தம்பி சமையலறையிலிருந்து ஓடி வந்தான். "அக்கா! நின்னுருச்சு!" பழக்கத்தில் கத்திவிட்டு, தன் குரலுக்குத் தானே திடுக்கிட்டான்.

மழையில் ஓடை நின்றால் மேலே எங்கோ அடைத்திருக்கிறது. அடைப்பு உடைந்தால், தேங்கியது அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கும். ஓடையோரத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தூக்குடா."

"அசைச்சா தாங்க மாட்டாருன்னு காலையிலதானக்கா டாக்டர் சொல்லிட்டுப் போனாரு?"

"டாக்டர் வீடு மேட்டுல இருக்கு."

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே."

"பாக்கறதுக்கு நாம இருக்கணும்ல?"

மடக்குக் கட்டிலோடு தூக்கியபோது அப்பாவின் கை ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டது. டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமலிருந்த கை.

"விடுங்கப்பா. மேல தையல்காரர் வீட்டுக்குத்தான் போறோம்."

அவர் அவளைப் பார்த்தார். விடவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரல்தான் கடைசியாக வந்தது. தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி மேட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் ஓடை வெறும் கல்லாகக் கிடந்தது. குட்டைகளில் சிக்கிய குஞ்சு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஒரு காது காட்டின் மேலிருந்தது, இன்னொன்று தாளுக்கு அடியில். பாதி மேட்டில் தாளுக்கு அடியில் சத்தம் நின்றது. அவள் நிற்கவில்லை. முன்னால் போன தம்பியின் தோள் ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறியது. அவனும் நிற்கவில்லை.

தையல்காரர் துணி வெட்டும் மேசையிலிருந்த சட்டைத் துண்டுகளைக் கையால் வழித்துத் தள்ளினார். "இங்க வைங்க, இங்க." பிறகு மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்று மூன்று பேரும் கீழே பார்த்தார்கள். மழை விட்டு வானம் வெறித்தது.

"வரும்," என்றாள் அவள். யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வீடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. அது நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

இருட்டுவதற்கு முன் காட்டிலிருந்து மரம் வெட்டுகிறவர் இறங்கி வந்தார். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. "பெரிய மரம் ஒண்ணு குறுக்க விழுந்து அணை கட்டிருச்சுங்க. ஏரி மாதிரி நின்னுச்சு தண்ணி. ஓரமா வாய்க்கா வெட்டி, மெல்ல மெல்ல வடிய விட்டோம். ஒரு கல்லுகூட உருளல, பாத்துக்குங்க!" வாசலுக்கு வெளியிலிருந்தே கேட்டார்: "கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

தையல்காரர் இருமினார்.

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் வாளியோடு வீட்டுப் பின்பக்கம் இறங்கினாள். ஓடை திரும்பியிருந்தது. கரைகூட மீறாமல், பச்சை இலை ஒன்றைச் சுழற்றிக்கொண்டு, பழைய இரைச்சலோடு போனது.

தம்பி இன்னொரு வாளியோடு வந்து பக்கத்தில் குனிந்தான். அவளைப் பார்க்காமல் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

அவள் "என்ன?" என்று கேட்கவில்லை. வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ நிறைந்துவிட்டிருந்தது.