மக்கீனுக்கு வாசித்துக் காட்டிய குதிரைகள்

...ஒன்பதாவது குதிரைக்கும் வந்தாயிற்று, இன்னும் இவர் வாய் திறக்கவில்லையே. மற்றப் புதன்கிழமைகளில் மூன்றாவது பெயரைத் தாண்டுவதற்குள் கையை நீட்டி நிறுத்திவிடுவார், அதை விடு, அது நொண்டி, அடுத்ததை வாசி என்பார், போன முறை ஓடினபோது தரை ஈரமா காய்ந்ததா என்று திரும்பவும் வாசிக்கச் சொல்வார்... இன்றைக்குச் சாய்மனைக் கதிரையில் தலையைப் பின்னால் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் உடுத்திருந்த சாரத்தின் மேல் வைத்துக்கொண்டு, ஏதோ மௌலூது ஓதுவதைக் கேட்கிறவர் மாதிரி இருக்கிறார். உறங்கிவிட்டாரோ? இல்லை, பெருவிரல் அசைகிறது. முனவ்வறா தொண்டையைச் செருமிக்கொண்டு, புருஷன் மக்கீனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ரேஸ் பேப்பரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இன்றைக்குச் சாதாரணப் புதன் அல்ல, டேர்பி, இங்கிலாந்தில் வருடத்துக்கு ஒரு தடவை ஓடுகிற பெரிய ஓட்டம், நம்முடைய இஷாத் தொழுகைக்குப் பிறகு அங்கே பின்னேரமாக இருக்குமாம், பதினான்கு குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி எழுதியிருக்கிறார்கள், தகப்பன் யார், தாய் யார், எந்தெந்த ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது, யார் ஏறி ஓட்டப்போகிறார் என்று... கலியாணம் பேசுகிற இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இந்தப் பேப்பரைப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளுக்கு நடுவில் செருகித்தான் கொண்டுவந்தாள், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு டீச்சரின் கையில் ரேஸ் பேப்பரைக் கண்டால் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

பத்தாவது, வின்டர் ஜட்ஜ். மாரிகால நீதவான் என்று தமிழிலும் சொன்னாள், பெயர்களைத் தமிழாக்கிச் சொன்னால்தான் அவருக்குப் பிடிக்கும், போன மாதம் குவயட் அங்கிள் என்று ஒன்று ஓடியபோது பேசாத மாமா என்றாள், மனிதன் இருமல் வரும்வரை சிரித்தார்... இன்றைக்கு நீதவானுக்கு ஒரு புன்சிரிப்புக்கூட இல்லை. சூறாவளி அடித்த வருடம்தானே இந்தக் கண் போனது, ஓடு பறந்த வீட்டுக்குள் மழையில் நின்றுகொண்டு, விளக்கைக் கொளுத்து என்றார், பகல் பதினொரு மணிக்கு. அதற்கு முதலே மங்கல் இருந்திருக்கிறது, சொல்லவில்லை. சீனி வருத்தம், கண்ணுக்குள் இரத்தம் என்று கொழும்பில் சொன்னார்கள், இனிப் பார்வை வராது என்பதையும் மெதுவாகச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடம் நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்தவர், நற்பிட்டிமுனை வயல்களுக்கு எந்த வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் போகிறது என்று வரம்பில் நின்றபடியே சொல்லக்கூடியவர், வாசலில் இருந்து கிணற்றடிக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கொழும்பில் பயிற்சிக்கு இருந்த இளம் வயதில் ரேஸ் பார்க்கப் போவாராம், அந்தப் பழக்கம் இவ்வளவு காலமும் எங்கேயோ கிடந்துவிட்டு, கண் போனபிறகு எழும்பி வந்தது. ஒரு நாள் கேட்டார், இங்கிலீசு பேப்பர் ஒண்டு வருது, வாசிச்சுக் காட்டுவியா? மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு எங்கிருந்து மனம் வரும்? வாசிக்கத் தொடங்கின பிறகுதான் தெரிந்தது, குதிரை ஓட்டமும் அவருக்கு வாய்க்கால் மாதிரித்தான். டேர்பி ஓடுகிற தரை ஏறி, பிறகு இறங்கி, இறக்கத்திலேயே இடது பக்கம் வளையும் என்று அவள் வாசித்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டார், தண்ணி கிறுகிற இடத்தில வெளிக்கரையத்தான் அரிக்கும், குதிரைக்கும் அப்படித்தான், வெளிப்பக்கம் இடம் கிடைச்ச குதிரை கெட்டுது என்றார்.

வாசிப்பது ஒன்று, பந்தயச் சீட்டுக் கொடுப்பது வேறு. அது சூது, ஹறாம், இதில் அவளுக்கு இரண்டு மனம் கிடையாது. தேத்தண்ணிக் கடை மீராசாதான் சுற்றுவட்டாரத்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய் ரேஸ் புக்கியிடம் கொடுக்கிறவன், தை மாதத்தில் அவனை வேலியடியில் நிறுத்திச் சொன்னாள், புதன்கிழமை புதன்கிழமை வா, சைக்கிள் மணியை அடி, ரெண்டு நிமிசம் நில்லு, மறுகா போ, சீட்டு ஒண்டும் இல்ல. அவன் சரி டீச்சர் என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் தருகிற காசு அலுமாரியில் துணிக்கடியில் போகிறது, அடுத்த நாள் முடிவு வந்ததும் வாசிக்கிறாள், நீங்க சொன்ன குதிரை ஐந்தாவது, நீங்க சொன்னது எட்டாவது... தோற்றுத் தோற்றுச் சலித்துப்போனால் தானாகவே விட்டுவிடுவார் என்பது அவளுடைய எண்ணம். மனிதனை ஹறாமில் இருந்து காப்பாற்றுகிறேன் என்று நிம்மதியாகத்தான் இருந்தாள். முதல் தடவை அவர் சொன்ன குதிரை முதலாவதாக வந்திருந்ததைக் கண்டபோது அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு, ஐந்தாவது என்று வாசித்தாள். இரண்டாம் தடவையும் வென்றது. மூன்றாம் தடவையும். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற மனிதன் அல்ல, கதிரையில் இருந்தபடி, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் காணாத தரையில் காணாத மிருகம் எப்படிக் காலை வைக்கும் என்று கண்டுபிடிக்கிறார், அது சரியாகவும் இருக்கிறது, அதை உலகத்தில் அறிந்த ஒரே ஆள் அவள், அவளே அதை மறைக்கிறாள். இடது தோளில் இருந்து பாவங்களை எழுதுகிற மலக்கு இதை எப்படி எழுதுவார்? மே மாதம் ஒரு பெரிய ஓட்டம், அவர் நான்கு நாள் யோசித்துச் சொன்ன குதிரை வென்றது, அவள் ஏழாவது என்று வாசித்தாள். அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, கண்ணோட மூளையும் போயிட்டு போல என்றார். அவ்வளவுதான் சொன்னார்... சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள், கரும்பலகையில் வினைச்சொற்களை எழுதிக்கொண்டு நிற்கும்போதும் அதுதான், ஆனால் எப்படித் தொடங்குவது? பிறகு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார், புது மருந்து ஒத்துக்கொண்டது என்று எண்ணிக்கொண்டாள், சொல்லவில்லை.

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று... பன்னிரண்டாவதின் தகப்பன் ஒரு மைலுக்கு மேல் ஓடிப் பழகாத குதிரை, ஒன்றரை மைலுக்கு மூச்சு வருமா என்று எழுதியவருக்கே சந்தேகம். பதின்மூன்றாவதுக்கு மழை வேண்டும், தரை இளகியிருந்தால்தான் அதற்குக் கால் ஓடும், ஆனால் ஒரு கிழமையாக அங்கே வெயில். இதற்காவது ஏதாவது சொல்வார் என்று நிறுத்திப் பார்த்தாள். கடல் பக்கத்துக் காற்று கிடுகு வேலியை அசைத்துவிட்டுப் போனது, யாரோ தெருவில் மீன் விலை கேட்கிறார்கள். பதினான்காவதையும் வாசித்து முடித்தாள். பேப்பரை மடித்தாள். எல்லாம் அவ்வளவுதான் என்றாள். எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்பதற்குள் அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

“இண்டைக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. நீயே ஒண்டச் சொல்லு.”

இதற்கு என்ன அர்த்தம்? நான்கு மாதமாக ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது என்று வாசித்து வாசித்து, கடைசியில் ஒரு மனிதன் தன் மூளையையும் கொண்டுவந்து கையில் தந்துவிட்டான், இனி எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று... இதைத்தானே வேண்டும் என்று துஆக் கேட்டாள், தானாக விட்டுவிடட்டும் என்று. விட்டுவிட்டார். அப்படியென்றால் ஏன் மடித்த பேப்பரைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருக்கிறாள்? வேலிக்கு வெளியே சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது, மீராசா, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறான், இரண்டு நிமிடம் நிற்பான், அந்த இரண்டு நிமிடமும் அவள் சீட்டுக் கொடுக்கப் போகிறவள் மாதிரி எழும்பி வாசல் வரைக்கும் நடந்து போய்வர வேண்டும், செருப்புச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். இத்தனை காலமும் இதையெல்லாம் எப்படிச் செய்தாள்? எழும்பவில்லை. மணி இன்னொரு தடவை அடித்துவிட்டு நின்றது, சங்கிலி உருளுகிற சத்தம் தெருவோடு போய் மறைந்தது.

“நான் சீட்டுக் குடுக்கல்ல,” என்றாள். “ஒரு நாளும் குடுக்கல்ல. நீங்க சொன்ன குதிரை மே மாசம் வெண்டது. அதுக்கு முதல்ல மூணு வெண்டது. நான் பொய்யா வாசிச்சன்.”

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். பார்வை அவளுடைய தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது.

“தெரியும்கா,” என்றார்.

முடி வெட்ட வந்த முகம்மது தம்பி சொன்னானாம். மூன்று கிழமைக்கு முதல், சவரம் செய்துகொண்டிருக்கும்போது, என்ட கணக்கெல்லாம் பிழைக்குது, மே மாசம் இந்தக் குதிரையைச் சொல்லித் தோத்துப் போனன் என்று இவர் சலித்துக்கொண்டிருக்கிறார், அவன் கத்தியை எடுத்துவிட்டுச் சிரித்தானாம், அதுதானே ஓவசியர் முன்னுக்கு வந்தது, ஊருல பாதிப்பேரு அதுலதான் காசு உழைச்சாங்க என்று. மூன்று கிழமை. அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளில் இவர் குதிரையைத் தேர்ந்து சொன்னது, காசை எடுத்து நீட்டினது, அவள் வாசல் வரைக்கும் நடந்து போய் வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தது, அடுத்த நாள் அவள் ஆறாவது என்று வாசித்தபோது, பாவம், அதுக்கு ஏலாமப் போயிருக்கும் என்று சொன்னது... குதிரைக்கா சொன்னார் அதை? முனவ்வறாவுக்குக் காதுமடல் சுட்டது. மருந்து ஒத்துக்கொண்டது என்றல்லவா நினைத்தாள், மருந்தல்ல, தன் மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரியவந்திருக்கிறது, அதைச் சொன்னது அவள் இல்லை, முடி வெட்டுகிறவன்.

மறுகா ஏன் ஒண்டும் கேக்கல்ல என்று கேட்டாள். அவருக்கு முதல் நாள் கோபம்தான் வந்ததாம், இனி உன்னோடு கதைப்பதில்லை என்று இருந்தாராம். பிறகு புதன்கிழமை வந்தது, அவள் கொப்பிகளை மேசையில் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாளாம்.

“கேட்டா நீ வாசிக்கிறத்த விட்டிருவா எண்டு நினைச்சன்,” என்றார்.

கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடம், அதில் கண் இருந்த வருடங்களில் இவர் விடியப்புறம் குளத்து வான்கதவு பார்க்கப் போவார், மஃரிபுக்கு வருவார், அவள் கொப்பி திருத்திக்கொண்டிருப்பாள், சோறு போடவா, ஓம், அவ்வளவுதான் கதை, அது குறை என்று இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை. கதிரையைப் பக்கத்தில் போட்டு ஒரு மணித்தியாலம் இருந்து எதையாவது பற்றிக் கதைத்தது இந்தப் பேப்பர் வந்தபிறகுதான், பாழாய்ப்போன குதிரைகளைப் பற்றி. தோற்றுச் சலித்து விட்டுவிடட்டும் என்று நினைத்தாளே, உண்மையிலேயே விட்டிருந்தால்? புதன்கிழமைகளில் என்ன செய்திருப்பாள்? காசு அலுமாரியில் இருக்கு என்று சொன்னாள், அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அது கிடக்கட்டும் என்று கையை அசைத்தார், எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை, இனி எனக்குச் சீட்டு வேண்டாம், நீ பேப்பரை மட்டும் கொண்டுவா என்றார். பிறகு, கொஞ்ச நேரத்துக்கு முதல் கேட்டதையே திரும்பவும் கேட்டார், இந்தத் தடவை வேறு குரலில், சீட்டும் இல்ல, மீராசாவும் போயிட்டான், எது முன்னுக்கு வரும் எண்டு நீ நினைக்கிற?

எனக்கென்ன தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டீச்சருக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும், அவள் வெறும் வாசிக்கிறவள், எழுதியிருப்பதை எழுதியிருக்கிற மாதிரி... அதையும் ஒழுங்காக வாசிக்காதவள். ஆனால் ஒரு பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. சொல்ட் ரோட், உப்புப் பாதை, ஏழாவது குதிரை. போன கிழமையே இவர் அதைத் தள்ளிவிட்டார், கால் நீட்டம், இறக்கத்தில கிறுகக்குள்ள வெளியால அள்ளிக்கொண்டு போயிரும் என்று. அவளும் ஓம் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்படியிருக்க, இன்று காலை மூன்றாம் பாடத்தில், பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, அது முன்னொரு தடவை இடது பக்கம் வளைகிற தரையில் ஓடியிருக்கிறதே, அன்றைக்கு உள்கரையை விடாமல்தானே வந்தது என்று யன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாளே, அது யாருடைய யோசனை?

“நீங்க சொன்னது பிழை,” என்றாள். “ஏழாவதத் தள்ளினது பிழை.”

அவர் கதிரையில் நிமிர்ந்தார். நெற்றி சுருங்கியது, பிறகு ஒரு பக்க உதடு மெல்ல இழுபட்டது.

“ஏன்?” என்றார்.

முனவ்வறா மடித்த பேப்பரைத் திரும்பவும் விரித்தாள். ஏன் என்பதற்கு அவளிடம் மூன்று காரணங்கள் இருந்தன, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வகுப்பில் எழுதிப்போடுவதற்கு ஆயத்தம் செய்து வைத்த மாதிரி, எப்போது ஆயத்தம் செய்தாள் என்றுதான் நினைவில்லை. காசு வைக்காமல் ஒரு குதிரை வெல்ல வேண்டும் என்று நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது சூதில் சேருமா, சேராதா... இதைப் போய் ஊரில் எந்த ஆலிமிடம் கேட்பது?