மலைக்குப் போகிற பன்னிரண்டு பேர்

குரங்கணி சாலையில் இருக்கும் எங்கள் மனநல இல்லத்துக்கு இருபது பேரை வைத்துக்கொள்ள உரிமம் உண்டு. இருப்பது முப்பத்திரண்டு பேர். ஆகவே மனநல வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற நாளில் பன்னிரண்டு பேருக்கு மனநோய் இருக்காது. காலையிலேயே அவர்களை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க விட்டுவிடுவார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி நோய் வந்துவிடும்.

யாரை ஏற்றுவது என்பதற்கு மேனேஜர் ராம்பிரசாத் ஒரு முறை வைத்திருந்தார். சரிவில் விழாமல் நிற்க வேண்டும், ஓடிப்போகக் கூடாது, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதாவது, குணமானவர்கள் மலைக்கு. மற்றவர்கள் கட்டிலில், வாரியத்தின் பார்வைக்கு. எங்கள் ஆட்களின் வேலையைப் பார்த்த தோட்டத்துக் கங்காணி, ஒரு நாள் இல்லத்துக்கே வந்து, தன் பழைய ஆட்களில் மூன்று பேரை இங்கே சேர்க்க முடியுமா என்று விசாரித்ததை நானே காதால் கேட்டேன்.

அருள்பாண்டி இதற்குமுன் நடந்த மூன்று ஆய்வுக்கும் மலைக்குப் போனவன். இரண்டு வருடமாக மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டு இருந்தான். டாக்டரே வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். கூட்டிப்போக அண்ணன் வர வேண்டும். அவரோ, மகளைப் பெண் பார்க்க வருகிற நேரம், இப்போது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வாரியம் உத்தரவு போட்டால் அண்ணன் தேவையில்லை. ஆனால் வாரியம் வரும்போது அவன் மலையில் நிற்பான்.

“முழுப் பரீட்சை முடியறதுக்குள்ள வந்துர்றேன்னு முத்துப்பிரியாட்ட சொல்லிட்டேன் பெரியப்பா,” என்றான் என்னிடம். முத்துப்பிரியா அவன் மகள். ஒன்பதாவது படிக்கிறாள்.

“அப்ப ஒரு நா பைத்தியமாயிரு அப்பு. கட்டில்ல போட்டு வப்பாக. அவுக வந்ததும் தெளிஞ்சிரு.”

“எப்படி ஆகறது? இங்க யாரும் சினிமாவுல வர்ற மாதிரி ஆடுறதில்லையே.”

“ராம்பிரசாத்து சினிமா பாக்குற ஆளு. சட்டையக் கழட்டு. டிரைவரக் கட்டிப்பிடிச்சு மாப்ளேன்னு அழு.”

இந்த யோசனையைக் கொடுத்தவன் நான்தான். அதை மறைத்துச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

ஆய்வு நாள் காலையில் அருள்பாண்டி சட்டையைக் கழற்றினான். டிரைவர் ஜேசுதாஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மாப்ளே, எந்தங்கச்சிய எங்கடா விட்டுட்டு வந்த?” என்று அழுதான். ஜேசுதாஸுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஒரு நிமிடம் பதில் யோசித்தார்.

“இவன எறக்குங்க, வெரசா,” என்றார் ராம்பிரசாத். அருள்பாண்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் இடத்தில் வேறொரு ஆளை ஏற்றினார்கள்.

ஊசியை நான் யோசிக்கவில்லை. பத்து வருடம் இங்கே இருந்தும் யோசிக்கவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நர்ஸ் கிருபாராணி போட்டார்.

“நடிச்சேன் சிஸ்டர். சும்மா நடிச்சேன்.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாக,” என்றார், கோபமே இல்லாமல்.

பதினொரு மணிக்கு வாரியத்தார் வந்தார்கள். அருள்பாண்டி எழுந்து உட்கார்ந்தான். நாக்கு தடித்திருந்தது, வாயோரம் எச்சில். “முத்து...” என்பதுவரை வந்தது. வந்தவர்களில் ஓர் அம்மாள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். நல்லவர். முழுதாக இரண்டு நிமிடம் காத்திருந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். “அவனுக்கு ஒண்ணுமில்லம்மா. நாந்தான் நடிக்கச் சொன்னேன். நல்லாருக்கவுகள எல்லாம் மலைக்கு ஏத்திவிட்டாக.” இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் அதுவரை சொன்னதில்லை.

ராம்பிரசாத் மறுக்கவில்லை. என் கேஸ் ஃபைலை எடுத்து நீட்டினார். தேவாரம் ஊரில் இருந்த என் சோளக்காட்டுக்கு வந்த யானை, மேய்ந்து முடித்ததும் வேலிப் படலைச் சாத்திவிட்டுப் போனதும், அதன் மரியாதையை மெச்சி நான் அதற்குக் கடுதாசி எழுதியதும் டாக்டர் கையெழுத்தில் இருந்தன. அந்த அம்மாள் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“சாப்பிட்டீங்களா தாத்தா?”

அருள்பாண்டிக்கு மேலும் ஆறு மாதம் சிகிச்சை தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பரீட்சை முடிந்தது. முத்துப்பிரியா பத்தாவது போனாள்.

அடுத்த ஆய்வுக்கு அவனை மலைக்கு அனுப்பவில்லை. வாரியத்துக்குத் தெரிந்த நோயாளி ஆகிவிட்டான், காட்டியாக வேண்டும். அன்று அவன் எதையும் நடிக்கவில்லை. குளித்து, தலை வாரி, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிருபாராணி ஊசியோடு வந்தார்.

“எதுக்கு சிஸ்டர்? நான் நல்லாத்தான இருக்கேன்.”

“போன தடவ ஆய்வன்னிக்குப் போட்டதா எழுதியிருக்கு,” என்றார். “கையக் காட்டு.”