ஜோசப்ராஜ் அழ மறுத்த கிறிஸ்துமஸ்

1

இந்தக் கதையை நானாக யோசித்துப் பிடிக்கவில்லை. என் தலையில் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் மலர் ஒன்றின் ஆசிரியர் போன் செய்து, "வெளிநாட்டுல தனியா பண்டிகை கொண்டாடுற ஒரு ஆளு. பெரிய நகரம். குடும்பம் இங்க. கடைசியில கண்ணு கலங்கணும் சார்" என்றார். யாருடைய கண் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இத்தனை தொல்லை இல்லை.

ஆள் சுலபமாகக் கிடைத்தார். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், நாச்சியார்கோயில் வருவதற்குள் தன் சிங்கப்பூர்க் கதையில் பாதியைச் சொல்லிவிட்டார். பெயரை மட்டும் ஜோசப்ராஜ் என்று மாற்றியிருக்கிறேன். மற்றதை மாற்றத்தான் பாடுபட்டேன். ஆள் மசியவில்லை.

2

முதல் தொடக்கம்:

"ஆர்ச்சர்ட் சாலை எங்கும் கிறிஸ்துமஸ் விளக்குகள் மின்னின. ஜோசப்ராஜின் கண்களிலோ கண்ணீர் மின்னி—"

இல்லை. கண்ணில் இருந்தது தூக்கம். அன்று அவர் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருந்தார்.

இரண்டாம் தொடக்கம்:

"காவிரி மண்ணின் வாசனை அவர் நாசியை—"

நாசியில் அந்த நேரத்தில் இருந்தது பொரித்த கோழி.

(ஆசிரியர் அவர்களுக்கு: இவர் அழுவார். கொஞ்சம் பொறுங்கள். என் சர்வீஸில் அழாத கதாபாத்திரம் கிடையாது.)

3

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜோசப்ராஜுக்கு லீவு கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், அவர் வேலை பார்த்த கட்டடக் கம்பெனி டிசம்பர் கடைசியிலிருந்து எல்லோருக்கும் நீண்ட லீவு கொடுத்தது. அவர் ஊருக்குப் போன் செய்து மனைவி அனிட்டாவிடம், "இந்த வருசம் யாருக்குமே லீவு குடுக்கல" என்று சொல்லிவிட்டார். அனிட்டா "சரிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஏன் சொன்னார்? வேறு பெண்ணா என்று ஆசிரியர் ஆவலாகக் கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் எனக்கும் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். ஜோசப்ராஜுக்கு வேண்டியிருந்தது தூக்கம். ஒவ்வொரு லீவிலும் ஊரில் இறங்கிய மறுநாளே அவர் பொதுச்சொத்தாகிவிடுவார். அண்ணனின் வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்து, மச்சானின் பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ், யாரென்றே தெரியாத யாரோ வீட்டுக் காதுகுத்து. சம்பாவுக்குப் பூச்சி மருந்து அடிக்கவும் சிங்கப்பூர்க்காரர்தான் வரவேண்டும். திரும்பி வந்து சிமெண்ட் மூட்டை நடுவில் நின்றால்தான் அவருக்கு மூச்சு வரும்.

எட்டு வருஷம் அந்த நகரத்துக்கு மாடி மாடியாகக் கட்டிக் கொடுத்தவர், அதை ஒரு நாள்கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

4

மாடி பஸ்ஸில் மேல்தட்டில் முன்சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போனார். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பரம சுகமாக இருந்தது.

பெரிய கடை ஒன்றின் வாசலில் குடில் வைத்திருந்தார்கள். ஆளுயரச் சூசையப்பர், நிஜம் போலவே ஒட்டகம். புல் மட்டும் பிளாஸ்டிக். (இங்கே அழவைக்கலாம் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.) ஜோசப்ராஜ் குனிந்து அந்தப் புல்லைக் கிள்ளிப் பார்த்தார். "வேரே இல்லாம நாத்து விட்டுருக்கான்" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: டெல்டா கத்தோலிக்க வீடுகளில் குடிலுக்குப் புல் வாங்குவதில்லை. தட்டில் மண் பரப்பி விதைநெல்லை முளைக்கப் போடுவார்கள். பண்டிகைக்குள் பச்சைப் பசேலென்று நாற்று நிற்கும். ஜோசப்ராஜ் வீட்டில் அதைப் போடுவது அனிட்டா. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்து பாலன் இயேசுவின் சுரூபத்தைத் தொழுவத்தில் வைப்பது ஜோசப்ராஜ். லீவு முழுக்க ஊருக்குச் சொந்தமான மனிதர், அந்த ஒரு நிமிஷம் மட்டும் அனிட்டாவின் பக்கத்தில் நிற்பார்.]

5

அனிட்டாவைப் பற்றி அடிக்குறிப்பில்தான் எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனித்தீர்களா? ஜோசப்ராஜும் அவரை அங்கேதான் வைத்திருந்தார். வரப்புத் தகராறுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது யார் என்று பஸ்ஸில் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6

இனி அந்தத் தப்பு. நம் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது.

கூட வேலை பார்த்த சாமிதுரை ஊருக்குக் கிளம்பினார். இவர் ஊருக்கு அடுத்த ஊர், அதே கம்பெனி, அதே லீவு. சிங்கப்பூரிலிருந்து ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் அவன் பெட்டியில் நம் சாமான் ஏறவேண்டும். ஏறாவிட்டால் கை நமநமக்கும். ஜோசப்ராஜ் கோடாலித் தைலம், பால்பவுடர், டார்ச் லைட், பிள்ளைகளுக்குச் சாக்லேட் எல்லாம் கட்டி, மேலே "அனிட்டா ஜோசப்ராஜ்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, "வீட்டுலயே நேர்ல குடுத்துரு மாப்ள" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

யாருக்குமே லீவு இல்லாத கம்பெனியிலிருந்து, லீவில் போகிறவன் கையில்.

இது அவருக்கு உறைத்தது கிறிஸ்துமஸ் அன்று காலையில், மறுபடி ஏறிய மாடி பஸ்ஸின் மேல்தட்டில். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

7

பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா வீட்டில்தான் போன். அனிட்டாவைக் கூப்பிடச் சொன்னார்.

"வீடு பூட்டியிருக்குண்ணே. அக்கா புள்ளைவொள கூட்டிக்கிட்டு தரங்கம்பாடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. கடலு பாக்கணுமாம்."

"எப்ப?"

"சாமிதுரை அண்ணன் வந்து பார்சல் குடுத்துட்டுப் போனாருல்ல, அதுக்கு மறுநாளு. சாவி எங்கிட்டதான் இருக்கு. நாத்துக்குத் தண்ணி தெளிக்கணும்னு குடுத்துட்டுப் போனாங்க. நல்லா வந்துருக்குண்ணே, ஒரு சாண் ஒசரம்."

"சாமிதுரை எதாவது சொன்னானா?"

"கம்பெனிய மூடிட்டாங்க, எல்லாரும் லீவுன்னாரு. அக்கா காப்பி போட்டுக் குடுத்தாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

ஜோசப்ராஜ் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "குடில் வச்சாளா?" என்றார்.

"வச்சிருக்காங்க. சூசையப்பரு, மாதா, ஆடு மாடெல்லாம் இருக்கு. பாலன் மட்டும் இல்ல. பாலன் எங்கேக்கான்னு கேட்டேன். அவருக்கும் லீவு கெடைக்கலையாம்னாங்க."

இங்கேதான் ஜோசப்ராஜின் கண் கலங்கியது. ஆசிரியர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இது அவர் கேட்ட கண்ணீர் இல்லை. குடும்பத்தைப் பிரிந்ததற்காக மனிதர் அழவில்லை. தன்னைப் போலவே அனிட்டாவும் களைத்துப் போயிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காக அழுதார். கொஞ்சம், தன்னை விட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போய்விட்டாளே என்றும் அழுதார். ஆண்பிள்ளைதானே.

8

முடிவு கேட்கிறீர்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தால் குடிலைப் பிரித்துவிடுவார்கள். லீவு அதற்கு மேலும் பாக்கியிருந்தது.

(அ) அவர் விமானம் பிடித்து, தரங்கம்பாடிக் கடற்கரையில் அலைகளுக்கு நடுவே அனிட்டாவின்—

சீச்சீ. அவருக்கு அலை என்றால் பயம்.

(ஆ) அனிட்டா திரும்பி வந்து, பாலனைத் தானே எடுத்து வைத்து, இனி இந்த வீட்டில்—

இதை ஆசிரியர் போடமாட்டார்.

(இ) அவர் ஊருக்கு வருகிறார். வந்த அன்றே அண்ணன் வரப்புத் தகராறோடு வாசலில்—

இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் எழுதப் பயமாக இருக்கிறது.

பஸ்ஸில் அவர் சொன்னதும் இவ்வளவுதான். குடவாசல் வந்துவிட்டது. "அப்பறம் என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். "இருங்க, பையை எடுத்துக்கறேன்" என்று எழுந்தவர் திரும்பியே பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

ஆக, என்னிடம் இருப்பது அந்தப் போன் மட்டும்தான். அந்தப் பக்கம் கமருன்னிஸா, "அக்கா சாயங்காலம் போன் பண்றேன்னாங்கண்ணே. நீங்க பேசுனீங்கன்னு சொன்னா, என்ன சொன்னாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?" என்கிறார்.

ஜோசப்ராஜுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது லீவே இல்லாமல் இருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கமருன்னிஸா அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருக்கிறார்.