வெற்று நிலம்

றமணன் லண்டனில் ஒரு திட்டமிடல் நிறுவனத்தின் இயக்குநர். யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்து வைத்திருக்கும் தன் காணியைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கண் கலங்கிவிடும். மற்றவர்களுடைய காணி என்றால் கலங்காது, அளவெடுக்கும்.

அவருக்குக் கீழே வேலை செய்தவள் பிறேமினி. மன்னார்க்காரி; பெற்றோர் லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் இருந்தார்கள். சென்ற ஆண்டு, நெகேவ் பாலைவனத்தின் ஒரு பகுதிக்குப் பிராந்தியத் திட்டம் வரையும் வேலை நிறுவனத்துக்குக் கிடைத்தது. அங்கே சிதறியிருக்கும், ஆடு மேய்க்கும் அரபுப் பழங்குடிகளான பெதூயின்களின் ஊர்களைக் காலிசெய்து, எல்லோரையும் ஒரே நகரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பாலைவனத்தை றமணன் பார்த்தது கணினித் திரையில் மட்டும்தான். அதற்குள் அந்தச் சனங்கள் எப்படி வாழ வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்: கிழக்கு லண்டனின் மனோர் பார்க்கில் இருப்பதுபோல, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஆடுகளைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

“அண்ணை, இந்த இடத்தை வெற்று நிலம் எண்டு போட்டிருக்கிறியள்,” என்றாள் பிறேமினி. “செய்மதிப் படத்தில வீடு தெரியுது, ஆட்டுப்பட்டி தெரியுது, செத்தவையைப் புதைச்ச மையவாடியும் தெரியுது.”

“அரசாங்கம் அங்கீகரிக்காத ஊர். அதை நாங்கள் என்னெண்டு கீறுறது?”

“உங்கட காணிக்கும் ஆமி இப்பிடி ஏதோ சட்டம்தானே சொன்னது?”

“அது வேற. அது எங்கட காணி.”

லண்டனில் நடந்த கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஹனான் என்ற பெண் வந்தாள். அந்த ஊர்களில் ஒன்றில் பிறந்தவள். அவளும் திட்டமிடல் படித்தவள். றமணன் மேசையில் பேரீச்சம்பழம் பரப்பி, திரையில் ஒட்டகப் படம் போட்டு அவளை வரவேற்றார். ஊர்களை இருக்கும் இடத்திலேயே அங்கீகரித்து, தண்ணீரும் வீதியும் கொடுக்கும் மாற்றுத் திட்டத்தை அவள் விளக்கத் தொடங்கினாள். றமணன் இடைமறித்தார். தானும் இடம்பெயர்ந்தவன்தான், அவர்களின் வலி தனக்குத் தெரியும் என்றார்.

“தெரிந்துகொண்டா இதை வரைந்தீர்கள்?” என்று கேட்டாள் ஹனான்.

றமணன் பழத்தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

பிறேமினியும் அந்த மேசையில்தான் இருந்தாள். அந்த வரிசை வீடுகளை வரைந்தது அவளுடைய கைதான். அந்த வாரமே வேலையை விட்டாள். வீட்டில் காரணம் சொல்லவில்லை. ஹனானின் குழுவோடு சேர்ந்து, திட்டம் மறைத்த ஊர்களையெல்லாம் வரைபடத்தில் ஏற்றினாள். ஆட்சேப விசாரணையில் லண்டனிலிருந்தே காணொளியில் சாட்சி சொன்னாள். விசாரித்தவர்கள் திட்டத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள். அங்கீகாரம் இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதைக்கு யாரும் வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை.

சில மாதம் கழித்து, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நடந்த ஒரு விருந்துக்குப் போய்விட்டு வந்த தாய் கத்தரின் பூரித்துப்போயிருந்தார்.

“பிள்ளை, உன்ர பழைய முதலாளிதான் பிரதம விருந்தினர். என்ன மாதிரிப் பேசினவர் தெரியுமோ! பாலைவனத்துச் சனத்தின்ர காணி பறிபோகக் கூடாதெண்டு, தன்ர திட்டத்தைத் தானே நிப்பாட்டினவராம்.”

“சனம் நம்பினதோ?”

“எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. நானும் தட்டினன்.”

பிறேமினி நடந்தது முழுவதையும் சொன்னாள்.

“முதலே சொல்லக்கூடாதோடி?” என்றார் கத்தரின். “அந்த மனுசனுக்கு ரெண்டாந்தரம் சோறும் போட்டுக் குடுத்தனான்.”