பொட்டு வைத்த இரும்புக் குண்டு

இரும்புக் குண்டுக்குப் பொட்டு வைத்தவள் என் மனைவி லோகநாயகி. அதனால் நான் பட்ட பாட்டைக் குவார்ட்டர்ஸில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். சித்திரையில் இடுப்பு பிடித்துக்கொள்ள, டாக்டர் லைட் டியூட்டி என்று ஸ்டோரில் நட்டு போல்ட்டு பிரிக்க உட்கார வைத்துவிட்டார். தீபாவளி முடிந்ததும் மறுபடி மெடிக்கல். தேறினால் பழைய செக்‌ஷன், தவறினால் ரிட்டையர் ஆகிறவரை நட்டு போல்ட்டுதான். ஊருக்குக் கிளம்பிய ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் என்மேல் இரக்கப்பட்டு, கைப்பிடி வைத்த பதினாறு கிலோ குண்டைக் கொடுத்து, ஆட்டவும் கற்றுக்கொடுத்தார்.

கையால் தூக்கக் கூடாது. கை வெறும் கயிறு. முட்டியை மடக்கி உட்காரவும் கூடாது. இரண்டு கையிலும் குடம் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும், முதுகு வளையாமல். குண்டு இரண்டு தொடைக்கும் நடுவே பின்னால் போகும். அங்கிருந்து இடுப்பை வெடுக்கென்று முன்னால் கொண்டுவந்து நிமிர்ந்தால், அது தானாக நெஞ்சுயரம் எழும்பும். நாலு மாதத்தில் வலி விட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மனை, சைக்கிள் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்தவள், குண்டையும் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்குக் கீழே உட்கார வைத்தாள். போகட்டும் என்று விட்டேன். மறுநாள் விஜயதசமி, ஆயுதத்தை எடுத்துத் தொழில் செய்ய வேண்டிய நாள். குண்டைத் தூக்கி வந்து காலை அகட்டி நின்றேன்.

“இன்னாயா பண்ற? பூஜை போட்டதைக் கால் சந்துல உட்டு ஆட்டுவியா?”

“பூஜை போட்ட ஸ்பேனரை எட்துகினு நாளைக்கு வேலைக்குப் போவலியா?”

“ஸ்பேனரு கையில கீது. இது எங்க போவுதுன்னு பாரு. கண்ணு அவிஞ்சிபூடும்.”

எதிர்வீட்டுப் பூங்காவனம் வேறு, “ஆமாண்ணாத்தே, தோஷம்” என்று சொல்லி, குண்டுக்கு ஒரு முழம் பூவும் சாத்திவிட்டுப் போனாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற இவளை யார் அழைத்தார்கள்?

ஒரு வாரம் சும்மா இருந்தேன். இடுப்பு மறுபடி முறுக்கியது. கடைசியில் லோகநாயகி சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். காலுக்கு நடுவே விடாமல், முன்னால் வைத்தபடியே கையால் தூக்கி ஆட்டுவது. ரஷ்யாக்காரர் எதைச் செய்யாதே என்றாரோ அதேதான். இரண்டு முறை ஆட்டியிருப்பேன், சுளீர் என்றது. குனிந்தவன் நிமிரவில்லை.

அழுதுகொண்டே தைலம் தேய்த்தாள். “உன் இடுப்ப நிமித்துனதே அதானே. அதுக்குத்தான்யா பொட்டு வெச்சேன்” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாவமாகவும் இருந்தது. இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

லீவு போட்டால் டாக்டர் காதுக்குப் போய்விடும். மறுநாள் காலை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட என்னால் முடியவில்லை. அவளே முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டு, என்னைச் சீட்டில் உட்கார வைத்தாள். தினமும் ஏறிப் போகிற சைக்கிள்தான். சீட்டுக்கு முன்னால், பாரில், அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன, என் இரண்டு தொடைக்கும் நடுவில்.

நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“லோகு, இதுக்கும் பூஜை போட்டியே.”

“வாய மூடிகினு போயா” என்று உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் நான் திரும்பியபோது குண்டு சாமி படத்துக்குக் கீழே இல்லை. கூடத்து நடுவில் பழைய இடத்தில் இருந்தது. பொட்டை அழிக்கவில்லை, பூவை மட்டும் எடுத்திருந்தாள்.

“எட்து ஆட்டுயா. அது ஒண்ணியும் சொல்லாது” என்றாள்.

தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. என்னால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியவில்லை.