மாமியார் பெயரில் போட்ட டோக்கன்

இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வயிற்றில் பிள்ளை உண்டானதைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைத்த ஒரு வீட்டின் கதையைச் சொல்லப் போகிறேன். கேட்கும்போது உங்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். அந்தப் பெண்ணுக்கு வந்ததில் பாதிகூட உங்களுக்கு வராது.

ராஜபாளையத்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற தெருவில், ஹஃப்ஸா என்று ஒரு மருமகள். புருஷன் நவாஸ் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் மெக்கானிக். மாமியார் மாஜிதா, கணவரை இழந்து ஆறு வருஷம் ஆனவள். கெட்டவள் இல்லை. மருமகள் தும்மினால்கூட அடுப்பில் சுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவள். அதுதான் ஹஃப்ஸாவுக்குக் கஷ்டமே. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

போன வருஷம் ஹஃப்ஸாவுக்கு நாள் தள்ளிப் போனபோது மாஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே தெரு முழுக்கச் சேமியாப் பாயசம் போனது. இரண்டு மாதம் முடிவதற்குள் அது தங்காமல் போய்விட்டது. ரத்தம் பார்த்த உள்ளூர் டாக்டரம்மா, தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கிறது என்று சொல்லி, தினமும் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“அடுத்த தடவை நாள் தள்ளினா உடனே வந்துரும்மா. மாத்திரை அளவைக் கூட்டணும். ஆரம்பத்துல பிள்ளைக்கு உன் உடம்புல இருந்துதான் அந்தச் சத்து போகணும். காத்திருக்கக் கூடாது” என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

ஹஃப்ஸா அந்தச் சொல்லை மனதில் வாங்கிக்கொண்டாள். மாஜிதா வேறு ஒன்றை வாங்கிக்கொண்டாள். “அம்புட்டுப் பேரு கண்ணும் பட்டுப் போச்சு. மூணு மாசம் முடியாம வாயத் தெறந்தது நம்ம தப்பு.” அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

இந்த வருஷம் வெயில் தொடங்கின நேரத்தில் மறுபடி நாள் தள்ளியது. மெடிக்கலில் வாங்கின கிட்டில் இரண்டு கோடு தெரிந்தது.

“மாமி, நாளைக்கே டாக்டரம்மாவப் பாத்திருவோம்.”

“ஏட்டி, மெதுவாப் பேசு. செவத்துக்கு அந்தப் பக்கம் அனுசியா நிக்கா. மூணு மாசம் முடியட்டும். பொறவு மேளம் அடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“மூணு மாசத்துக்குள்ளதான மாமி போகணும். முடிஞ்ச பொறவு போயி என்ன செய்ய?”

“போன தடவ சொல்லித்தான தொலைச்சோம்?”

“சொன்னதால போகல மாமி. தைராய்டு.”

“அந்தத் தைராய்டுலயும் எவ கண்ணாவது பட்டிருக்கும்.”

ஹஃப்ஸா நவாஸிடம் சொன்னாள். அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “அம்மா சொல்லுறதையும் கேளு, டாக்டர் சொல்லுறதையும் கேளு” என்றான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடக்க இவளுக்கு இருப்பது இரண்டு கால்தானே!

தனியாகப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் ராத்திரியில் தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் மாமியின் பேச்சை மீறிப் போய், இந்தத் தடவையும் ஏதாவது ஆகிவிட்டால்? வாழ்நாள் முழுக்க அந்தப் பழி தன் தலையில் விழும். அவளுக்குள்ளேயும் ஒரு ஓரத்தில் அந்தக் கண்ணூறு பயம் உட்கார்ந்திருந்தது. அதை நினைக்க நினைக்கத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஒரு வாரம் மல்லுக்கட்டின பிறகு மாஜிதா ஒரு வழி சொன்னாள். ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாராம். அங்கே நம்மை யாருக்குத் தெரியும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யார்தான் போகவில்லை! கோயிலுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பால்கோவா வாங்கப் போகிறவர்கள் என்று பஸ் நிறைய ராஜபாளையத்து முகங்கள். அவர்கள் ஏறின பஸ்ஸில், மகளைப் பார்க்கப் போகிற பக்கத்து வீட்டு அனுசியாவே உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மாஜிதாக்கா, மாமியாரும் மருமகளுமா எங்க இம்புட்டு வெள்ளனத்துல?”

மாஜிதா யோசிக்கவே இல்லை. “கோர்ட்டுல வாய்தா.”

“கோர்ட்டா? எங்க மருமகன் பொன்னுராஜ் அங்கதான வக்கீல்ட்ட குமாஸ்தாவா இருக்காரு! நீங்க ஏன் அலையுதீங்க? நானே கொண்டு போயி விடுதேன்.”

சொன்னபடியே கொண்டு போய் விட்டாள். பொன்னுராஜ் நல்ல மனுஷர். என்ன கேஸ், எந்த நம்பர், எதிராளி யார் என்று கேட்டார். மாஜிதா இல்லாத ஒரு நிலத்துக்கு இல்லாத ஒரு பங்காளியை உண்டாக்கினாள். அவர் ஒவ்வொரு அறையாகப் போய் விசாரித்துவிட்டு, வியர்வையோடு திரும்பி வந்து, “லிஸ்ட்லயே இல்லக்கா, நல்லா ஞாபகப்படுத்துங்க” என்றார். ஹஃப்ஸா கோர்ட்டு வளாகத்து வேப்ப மரத்தடியில் குமட்டலை விழுங்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் தப்பித்து வெளியே வந்தபோது டாக்டர் பார்க்கிற நேரம் முடிந்திருந்தது.

“எல்லாம் நல்லதுக்குத்தான். அடுத்த வாரம் வருவோம்” என்றாள் மாஜிதா.

அடுத்த வாரம் மாஜிதாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களாம். பழைய அளவு மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டே ஹஃப்ஸா, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு இது பத்துகிறதோ இல்லையோ என்று குமைந்தாள்.

கடைசியாக ஒரு திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாஜிதா சொல்லி, ஹஃப்ஸா முகத்தையும் மூடியிருந்தாள். டோக்கன் போடுகிற பெண் பெயர் கேட்டதும், ஹஃப்ஸா வாய் திறக்கும் முன்னே மாஜிதா முந்திக்கொண்டாள்.

“மாஜிதா. வயசு இருபத்தி நாலு. ராஜபாளையம். நாள் தள்ளிப் போயிருக்கு.”

நகர்ந்து வந்ததும் ஹஃப்ஸா பல்லைக் கடித்தாள். “உங்க பேரையா மாமி குடுத்தீங்க?”

“உன் பேரைக் கூப்பிட்டா எவ காதுலயாவது விழும். அவசரத்துல வேற பேரு வாயில வரல. பேசாம உக்காரு.”

ஹாலில் கூட்டம். முகத்துணிக்குள் மூச்சு சூடாக அடித்தது. டோக்கன்கள் நகர்ந்து, இன்னும் இரண்டே பேர் என்று ஆனபோது, பக்கத்து மருந்துக் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“மைனி! நீ எங்க இங்க?”

நஸீபா. மாஜிதாவின் நாத்தனார், வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருக்கிறாள். அவள் வாயில் ஒரு சேதி விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குப் போய்விடும்.

“முட்டு வலி” என்றாள் மாஜிதா.

“முட்டு வலிக்கு எதுக்குப் பிள்ளப்பேறு டாக்டரு? இது யாரு, மூஞ்ச மூடிக்கிட்டு? ஹஃப்ஸாவா?”

அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். “மாஜிதா! மாஜிதா யாரும்மா?”

“உன்னையத்தான் கூப்பிடுதாவ மைனி.”

“வேற மாஜிதாவா இருக்கும்.”

“ராஜபாளையத்துல இருந்து வந்த மாஜிதா! நாள் தள்ளிப் போயி செக்கப்புக்கு வந்தவங்க! சீக்கிரம் வாங்கம்மா!”

நஸீபா நெஞ்சில் கையை வைத்தாள். “மைனி... எங்க அண்ணன் மவுத்தாகி ஆறு வருசம் ஆச்சே!”

ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். மாஜிதாவின் முகத்தில் ரத்தம் இல்லை. இந்த மாதிரி ஒரு பேச்சு தன் மேல் விழும் என்று கனவிலும் நினைக்காதவள். ஆனாலும் அவள் செய்தது என்ன தெரியுமா? பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எந்திரிட்டி. போவோம். நாளைக்கு மதுரையில பாத்துக்கிடலாம்.”

மதுரை! ஹஃப்ஸாவுக்குள் இத்தனை நாள் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் அறுந்தது. மதுரையிலும் யாராவது வருவார்கள். பிறகு திருச்சிக்குப் போக வேண்டும். பிள்ளை அதுவரை காத்திருக்குமா? அவள் முகத்துணியைத் தூக்கினாள்.

“நான் வரல மாமி.”

“ஏட்டி...”

“சிஸ்டர், நான்தான். எம் பேரு ஹஃப்ஸா. இவங்க எங்க மாமி. முழுகாம இருக்கது நான். எனக்குத் தைராய்டு இருக்கு, போன தடவ தங்கல. ரத்த டெஸ்ட்டு என் பேருலதான் போகணும், பேரை மாத்தி எழுதுங்க.” அது ஹாலின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

“இத டோக்கன் போடும்போதே சொல்றதுக்கு என்னம்மா?” என்று நர்ஸ் சிடுசிடுத்தாள்.

ஹஃப்ஸா அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். நஸீபாவிடமிருந்து தப்பிக்க வேறு வழியில்லாமல் மாஜிதாவும் பின்னாலேயே வந்தாள்.

ஸ்கேன் திரையில் பயறளவு ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் படபடவென்று ஒரு துடிப்பு. ஹஃப்ஸா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாஜிதா வாய்க்குள் ஓதினாள். ஓதி முடித்த கையோடு, “செத்த மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா, வெளிய ஆளு நிக்கி” என்றாள்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எட்டு வாரம் ஆகப் போகுது. தைராய்டு இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் இவ்வளவு லேட்டு? உடனே வரணும்னு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க டாக்டர்.”

“பிறகு?”

ஹஃப்ஸா மாமியைப் பார்த்தாள். மாஜிதா தரையைப் பார்த்தாள். “வந்தோம் டாக்டர். வந்து சேரத்தான் இத்தன நாளாச்சு” என்றாள் ஹஃப்ஸா.

ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஹஃப்ஸா ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றேதான். இப்போது போடுகிற மாத்திரை பத்தவில்லை. இன்றிலிருந்தே அளவைக் கூட்ட வேண்டும். நாலு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். முன்னாலேயே வந்திருந்தால் நல்லது, இனியாவது தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள்.

மாஜிதா கையிலிருந்த அரிசி முறத்தைத் தரையில் வைத்தாள்.

“நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சேன்” என்றாள்.

“தெரியும் மாமி. அதனாலதான் இத்தன நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இனிமே இருக்க மாட்டேன். உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க வீட்டுல இருங்க. நான் போயிட்டு வந்திருவேன்.”

மாஜிதா முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆனால் நாலாவது வாரம் ஹஃப்ஸா கிளம்பியபோது, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக, நஸீபா யார் யாரிடம் சொன்னாள் என்று முணுமுணுத்தபடி வந்தாள். ஹஃப்ஸா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். கோபம் முழுசாக ஆறவில்லை. வீணாய்ப் போன அந்த வாரங்களை யார் திருப்பித் தருவார்கள்? ரத்தத்தில் தைராய்டு அளவு கொஞ்சம் தேறியிருந்தது. இன்னும் தேற வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரையை மறுபடி கூட்டினார்.

இன்றைக்கு அவளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை அசைகிறது. முழுசாகப் பெற்றுக் கையில் வாங்குகிற வரைக்கும் நான் மேலே எதுவும் சொல்ல மாட்டேன், சொன்னால் பொய்யாகிவிடும்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் உண்டாகும் ஒவ்வொரு உயிருக்கும் வேளையோடு மருந்து கிடைக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தங்கள் வாயாலேயே கூசாமல் சொல்லட்டும், கேட்கிறவர்களுக்குக் காது இருக்கட்டும். ஆண்டவன் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.